தென்காசிச் சீமையில் அமெரிக்க மறுப்புக் குரல்கள்

1934 ஜனவரியில் காந்தி குற்றாலத்துக்கு வந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிய பயணம் அது. குமரிமுனைப் பக்கம் முடித்துத் திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்திருந்தார். குற்றாலத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் பேரருவியில் தலையைக் கொடுக்காமல் திரும்புவதில்லை. காந்தி திரும்பினார். தாழ்த்தப்பட்டோர் அருவிக்கு வர வழியில்லை என்று அவருக்குத் தெரியவந்தது. அவர்கள் குளிக்க முடியாத நீரில் தானும் குளிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

இடத்தைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். பேரருவி மலையுச்சியிலிருந்து நேராகக் கீழே விழுவதில்லை. பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, அங்கிருந்துதான் நம் தலைக்கு வருகிறது. அது விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். அருவிக்குப் போகும் கால் கோயிலைத் தொட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும். கோயிலுக்குள் யார் வரலாம், வரக்கூடாது என்ற கட்டுப்பாடு அப்படியே தண்ணீருக்கும் நீண்டது. மழையில் ஊறி வந்த தண்ணீருக்குச் சாதி கிடையாது. தண்ணீருக்குப் போகும் பாதைக்கு இருந்தது.

இந்தச் சிறு மறுப்பைக் கேட்டதும் படித்தவர்களுக்கு ஓர் அமெரிக்கர் நினைவுக்கு வருவார்: ஹென்றி டேவிட் தோரோ. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்ற சிற்றூர்க்காரர். அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு, மெக்சிகோ மீது படையெடுக்கும் அரசுக்கு, வரி கட்ட மாட்டேன் என்றார். 1846 ஜூலையில் ஒருநாள், தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கப் போனவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். ஒரே ஒரு இரவு. யாரோ உறவினர், பெரும்பாலும் அத்தைதான், வரியைக் கட்டிவிடவே மறுநாள் வெளியே விட்டுவிட்டார்கள். தோரோ செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு காட்டுப்பழம் பறிக்கப் போய்விட்டார். அந்த இரவைப் பற்றி 1848-இல் ஊர் மன்றத்தில் பேசினார். 1849-இல் அது கட்டுரையாக அச்சேறியது. சட்ட மறுப்பு என்ற பெயர் அவர் இறந்த பிறகு, 1866-இல் வெளியான பதிப்பில்தான் ஒட்டிக்கொண்டது. உயிரோடு இருந்தவரை அந்தக் கட்டுரையை ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் 1907-இல் தோரோவின் பகுதிகள் வெளியாகின. அதிலிருந்து ஒரு சங்கிலி கோத்துவிடுவது எளிது: தோரோ சொன்னார், காந்தி செய்தார், மார்ட்டின் லூதர் கிங் திருப்பி அமெரிக்காவுக்கே கொண்டுபோனார். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு இது போதும். ஆனால் காந்தியே இதை ஒப்பவில்லை. 1935-இல் இந்திய ஊழியர் சங்கத்துக் கோதண்டராவுக்கு எழுதிய கடிதத்தில், தோரோவிடமிருந்து எண்ணத்தைப் பெற்றதாகச் சொல்வது தவறு, கட்டுரை கைக்கு வரும் முன்பே தென்னாப்பிரிக்கப் போராட்டம் வெகுதூரம் போய்விட்டது என்று விளக்கினார். அதே காந்தி 1942-இல் அமெரிக்க நண்பர்களுக்கு எழுதும்போது, நீங்கள் தோரோ என்ற ஆசானை எனக்குத் தந்தீர்கள் என்றார். இரண்டும் பொய்யில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து நன்றியின் அளவு கூடும், குறையும்.

கடன் எவ்வளவு என்பதைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. தோரோ மறுத்தது அரசை. அரசுக்கு ஒரு முகவரி உண்டு. வரி வசூலிக்கும் ஆள் உண்டு. சிறைச்சாலைக் கதவு உண்டு. 1934-இல் குற்றாலத்தில் மறுக்கப்பட்டது எது? தாழ்த்தப்பட்டவர் குளிக்கக் கூடாது என்று கலெக்டர் ஆணை போடவில்லை. மீறினால் பிடித்துப்போகப் போலீஸ் முதலில் வராது, ஊர் வரும். அமெரிக்க மறுப்பாளர்கள் எழுதிய பெரும்பகுதி அரசாங்கத்தோடும் திருச்சபையோடும் போட்ட சண்டை. அந்த எழுத்து தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகத் தெற்குச் சீமைக்கு, வந்தபோது எதிராளியே மாறிப்போனான். எதிராளி மாறியதால் கருத்தும் உருமாறியது. அந்த உருமாற்றத்தைத் தென்காசி வட்டாரத்துக்குள் நின்றே ஓரளவு பார்த்துவிடலாம்.

அரசை எதிர்க்கிறவர் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பவர்கள் இல்லை என்பதை இந்த மண்ணே காட்டியிருக்கிறது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், தென்காசியை அடுத்த செங்கோட்டைக்காரர். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தைக் காக்கும் ஆவேசத்தோடு எழுதப்பட்டது. அமெரிக்காவிலும் இப்படி உண்டு. மத்திய அரசின் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று 1832-இல் தென் கரோலினா மாநிலம் எழுந்து நின்றது. அதற்குத் தத்துவம் எழுதிக்கொடுத்தவர் ஜான் கால்ஹூன். அடிமை முறையைத் தீங்கே இல்லை, நன்மை என்று வாதிட்டவர் அவர். மறுப்பாளர் என்ற சொல்லுக்குத் தோரோவும் பொருந்துவார், கால்ஹூனும் பொருந்துவார்.

ஆஷ் குற்றால அருவியை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டார், அந்தக் கோபத்தில்தான் கொல்லப்பட்டார் என்றொரு கதை மேடைகளில் உலவுகிறது. சொல்பவர்கள் ஆவணம் காட்டுவதில்லை. ஆஷ் இறந்து இருபத்து மூன்று ஆண்டு கழித்துக் காந்தி குளிக்காமல் திரும்ப வேண்டியிருந்தது என்றால், ஒன்று அப்படித் திறக்கவே இல்லை, அல்லது திறந்தது மறுபடி மூடப்பட்டது. ஆஷை நல்லவராக்குவதற்கு வாஞ்சியைக் கெட்டவராக்க வேண்டியதில்லை, அதற்கு மாறாகவும் வேண்டியதில்லை.

ஆஷ் கொலை வழக்கில் பிடிபட்டவர்களில் தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையும் ஒருவர். அவருடைய தம்பிதான் பிற்காலத்தில் பேர்பெற்ற பத்திரிகையாளர் டி.எஸ். சொக்கலிங்கம். 1899-இல் தென்காசியில் பிறந்தவர். அண்ணன் சிறைக்குப் போகவே பள்ளிப்படிப்பை விட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் தொழில் பழகி, 'காந்தி' என்ற காலணாப் பத்திரிகை நடத்தி, 1933-இல் 'மணிக்கொடி'யைத் தொடங்கிய மூவரில் ஒருவராக இருந்து, 1934-இல் 'தினமணி'யின் முதல் ஆசிரியரானார். ஒரே வீட்டில் அண்ணன் துப்பாக்கி வழி, தம்பி காந்தி வழி. இந்தச் சொக்கலிங்கம்தான் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்.

டால்ஸ்டாய் இங்கே எப்படி நுழைகிறார் என்று கேட்கலாம். அமெரிக்க மறுப்பாளர்கள் காந்தியிடம் வந்து சேர்ந்த பெரிய வழி ரஷ்யா வழிதான். வில்லியம் லாயிட் கேரிசன் என்ற அடிமை ஒழிப்புப் பத்திரிகையாளர் 1838-இல் பாஸ்டனில் ஒரு பிரகடனம் எழுதினார்: எந்த அரசையும் வாளேந்தி எதிர்க்க மாட்டோம், எந்த மனித அரசுக்கும் விசுவாசம் கொள்ள மாட்டோம் என்ற பொருளில். அமெரிக்கர்கள் அதை மறந்தே போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து டால்ஸ்டாய் அதை எடுத்து, 'ஆண்டவன் அரசு உங்களுக்குள்ளே' என்ற தம் நூலின் தொடக்கத்திலேயே முழுசாகச் சேர்த்துக்கொண்டார். அடின் பல்லூ என்ற மாசசூசெட்ஸ் பாதிரியாரோடு கடிதம் எழுதிக்கொண்டார். 1894-இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் அந்த நூலைப் படித்தார். 1901-இல் அமெரிக்க மக்களுக்கு ஒரு செய்தி எழுதித் தரும்படி கேட்டபோது டால்ஸ்டாய் கேரிசன், பல்லூ, எமர்சன், தோரோ பெயர்களையெல்லாம் அடுக்கி, இவர்கள் குரலைக் கேட்காமல் ஏன் கோடீஸ்வரர்கள் பின்னால் போகிறீர்கள் என்று கேட்டார். தம் நாட்டில் மதிப்பிழந்தவர்களை அயலான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

காந்தி 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே வாழ்ந்தவர்களிலும் சிறை சென்றவர்களிலும் தமிழர்கள் ஏராளம். தோரோவின் தனிமனித மறுப்பு கூட்டு வாழ்க்கையாக மாறிய இடம் அது. கான்கார்டில் ஒருவர் ஓரிரவு இருந்தார். ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் குடும்பம் குடும்பமாகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார்கள். சிறைக்குப் போனவரின் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி தோரோவுக்கு எழவே இல்லை. பண்ணை எழுந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

மறுபடி தென்காசி வட்டாரத்துக்கே வருவோம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, சுமார் இரண்டாண்டுகள் அங்கே இருந்தார். தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக அச்சிட நண்பர்களிடம் பண உதவி கேட்டு 1920-இல் அவர் சுற்றறிக்கை விடுத்ததும் அங்கிருந்துதான். பணம் வரவில்லை.

பாரதி அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியவர். எதுகை மோனை இல்லாமல் வசன நடையில் கவி பாடிய புதுமை அவரைக் கவர்ந்தது. பாரதியின் வசன கவிதைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையைப் படித்தால் யாப்பைவிடக் குடியாட்சிதான் பாரதியை அதிகம் இழுத்தது என்று தெரிகிறது. ஆண் பெண் எல்லாரும் சமம் என்பதை அறிவித்த ரிஷியாகவே விட்மனைக் காண்கிறார். விட்மன் தம் நாட்டில் பட்ட பாடு வேறு: 'புல்லின் இதழ்கள்' நூல் ஆபாசம் என்று சொல்லி 1865-இல் அவரை அரசு வேலையிலிருந்து நீக்கினார்கள்.

விட்மனின் சமத்துவம் தெருவில் நடந்துபோகும் எல்லாரையும் கட்டித் தழுவும் சமத்துவம். நியூயார்க் தெருவில் அது நடக்கும். கடையம் அக்கிரகாரத்தில்? பாரதி பக்கத்து ஊரான பொட்டல்புதூருக்குப் போய் முஸ்லிம்கள் கூடிய கூட்டத்தில் இஸ்லாத்தின் பெருமையைப் பேசினார். அந்தப் பேச்சு இன்றும் அச்சில் கிடைக்கிறது. சாதி பாராமல் பழகியது சொந்த ஊர்க்காரர்களுக்கு ஒத்துவரவில்லை. விட்மனுக்கு வேலை போயிற்று. பாரதிக்குத் தெருவோடு உறவு போயிற்று. நம் ஊரில் இரண்டாவது தண்டனை கடுமையானது என்பதைச் சிற்றூரில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

இப்போது இன்னொரு வரிசை. திராவிடர் கழகம் பல ஆண்டுகளாகக் குற்றாலத்தில் பெரியாரியல் பயிற்சி முகாம் நடத்திவருகிறது. சாரல் காலத்துக் கூட்டத்துக்கு நடுவே, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களையும் நேந்திரங்காய் வறுவல் கடைகளையும் தாண்டிக் கறுப்புச் சட்டைகள் போவதை அந்த நாட்களில் பார்க்கலாம். அந்த இயக்கத்தின் புத்தகக் கடைகளில் பல தலைமுறைகளாக இருந்துவரும் ஓர் அமெரிக்கப் பெயர் இங்கர்சால். பிள்ளைக்கு இங்கர்சால் என்று பெயர் வைத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

ராபர்ட் கிரீன் இங்கர்சால் 1833-இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். உள்நாட்டுப் போரில் கர்னல். இல்லினாய் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர். பிறகு கடவுளையும் பைபிளையும் கேள்வி கேட்கும் மேடைப் பேச்சாளர். கட்டணம் கொடுத்து ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். கறுப்பர் உரிமைக்கும் பெண் உரிமைக்கும் பேசியவர். ஆனால் அவர் குடியரசுக் கட்சியின் முன்னணிப் பேச்சாளர், பெரும் பணம் சம்பாதித்த வக்கீல், சொத்துடைமையை அசைக்க விரும்பாதவர். அவருடைய நாத்திகம் அவருக்குக் கவர்னர் பதவியைக் கெடுத்தது. வீட்டையோ வாடிக்கையாளரையோ கெடுக்கவில்லை.

இங்கர்சால் தமிழகத்துக்குப் பெரியாரோடு வந்தவர் என்பது பொதுவான நினைப்பு. அவர் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டார். சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவவிவேசினி' இதழ் பிரிட்டனின் நாத்திகத் தலைவர் பிராட்லாவோடு இங்கர்சாலையும் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தது. வங்கத்தில் இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் பெயினின் 'பகுத்தறிவுக் காலம்' அமெரிக்கக் கப்பலில் கல்கத்தாவுக்குக் கட்டுக்கட்டாக வந்திறங்க, இந்துக் கல்லூரி மாணவர்கள் விலை ஏற ஏற வாங்கிப் படித்தார்களாம். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் டஃப் வயிற்றெரிச்சலோடு எழுதிவைத்த செய்தி இது. அந்தப் பெயின், அமெரிக்க விடுதலைக்கு 1776-இல் தீ மூட்டியவர், 1809-இல் நியூயார்க்கில் இறந்தபோது சவ அடக்கத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள்.

பெரியார் 1925 மே 2-இல் தொடங்கிய 'குடி அரசு' இங்கர்சாலை எடுத்துக்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. இங்கர்சாலுக்கு எதிரே நின்றது மோசஸ், நரகம், அற்புதங்கள். பெரியார் அந்த வாதங்களைப் பயன்படுத்தியது கடவுள் உண்டா என்ற தத்துவ விசாரத்துக்காக அவ்வளவாக இல்லை. கடவுள், புரோகிதர், பிறப்பால் வந்த உயர்வு தாழ்வு என்ற மூன்றும் ஒரே முடிச்சு என்று காட்டுவதற்காக. அதனால்தான் அங்கே மேடையில் முடிந்த இங்கர்சாலின் நாத்திகம் இங்கே கல்யாண வீட்டுக்குள் போயிற்று. ஐயர் இல்லாத திருமணம், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லாத கையெழுத்து, இவற்றுக்கெல்லாம் இங்கர்சாலிடம் குறிப்பு எதுவும் கிடையாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தக் குறிப்புகளைத் தானே எழுதியது. அந்தத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வர அண்ணா முதலமைச்சராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காந்தி குற்றாலத்துக்கு வந்த அந்த 1934 தொடக்கத்தில் பெரியார் சிறைவாசி. இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 'குடி அரசு' 1933 அக்டோபரில் எழுதிய தலையங்கத்துக்கு ராஜத்துரோக வழக்கு. பத்திரிகையின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார். வெளியே காந்தி திருநெல்வேலிக் கூட்டத்தில் ஜனவரி 24 அன்று, பீகாரை உலுக்கிய நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். தாகூரே பொறுக்கமாட்டாமல் மறுப்பு எழுதினார். காந்தி அதைத் தம் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் சொன்னார். தீண்டாமையை ஒழிக்க வந்தவர் கடவுளின் கோபத்தைத் துணைக்கு அழைத்தார். அந்தக் கடவுளே தீண்டாமைக்குக் காவல் என்றவர் உள்ளே இருந்தார். தோரோவின் வழியும் இங்கர்சாலின் வழியும் ஒரே மாதத்தில் எதிரெதிராகப் போயின என்று சொன்னால் மிகையாகாது.

தோரோவின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1843 ஜனவரியில் 'டயல்' என்ற இதழில் அவர் தேர்ந்து வெளியிட்டது மனுதர்ம சாத்திரத்தின் பகுதிகள். சட்ட மறுப்புக் கட்டுரை அச்சான அதே 1849-இல் வெளியான தம் ஆற்றுப் பயண நூலில் மனுவைப் பக்கம் பக்கமாக வியந்திருக்கிறார். வில்லியம் ஜோன்சின் மொழிபெயர்ப்பில், கடல்கடந்து, காலங்கடந்து வந்த ஞானமாக அது அவருக்குத் தெரிந்தது. முழுக் குருட்டு வியப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதே நூலில் கீதையைப் பேசும் இடத்தில், கிருஷ்ணன் சொல்லும் காரணம் போதாது, அந்தக் கடமை தன்னிச்சையாக வகுக்கப்பட்டது, அது எப்போது ஏற்பட்டது என்றெல்லாம் கேட்டுவிடுகிறார். மூக்கில் ஏதோ நெடி ஏறியிருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்கு வழியில்லை. அந்தச் சாத்திரத்தின் கீழ் வாழ்ந்த ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

பார்த்தவர், வாழ்ந்தவர், 1927 டிசம்பர் 25-இல் மகாடில் அதைத் தீயிலிட்டார். அம்பேத்கர். அதே ஆண்டு மார்ச்சில் அதே மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தவரும் அவர்தான்; அங்கும் தண்ணீர்தான் பிரச்சினை. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் கொலம்பியாவில் ஜான் டூவியிடம் பாடம் கேட்டவர். டூவியைத் தீவிரச் சிந்தனையாளர்கள் பட்டியலில் சேர்ப்பதா என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் குடியாட்சி என்பது வாக்குப் பெட்டிக்குள் அடங்காது, அது மக்கள் சேர்ந்து வாழும் முறை என்ற அவருடைய கருத்து அமெரிக்காவைவிட இந்தியாவில்தான் அதிகம் சுட்டது. சேர்ந்து வாழ்வதே விலக்கப்பட்ட சமூகத்தில் அதை எடுத்துப் பேசினால் சுடாமல் என்ன செய்யும்? 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் டூவியைப் பெயர் சொல்லி நன்றியோடு எடுத்தாண்டார். பெரியார் அந்த உரையைத் தமிழாக்கி வெளியிட்டார். டூவி தமிழுக்கு இப்படியும் வந்தார்: சாதி ஒழிப்பு வெளியீட்டின் உள்ளே.

நெருப்பைப் பேசியதால் இன்னொன்றும். 1854 ஜூலை 4, அமெரிக்காவின் விடுதலை நாள். மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராமிங்காம் என்ற ஊரில் கேரிசன் ஒரு கூட்டத்தில் எழுந்து, அடிமை முறையோடு சமரசம் செய்துகொண்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் படியைக் கொளுத்தினார். அன்றைய மேடையில் தோரோவும் பேசினார். 1957 நவம்பர் 26. சாதிக்கு இந்திய அரசியல் சட்டம் மதச் சுதந்திரம் என்ற பெயரில் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் தமிழ்நாடு முழுக்க அதைக் கொளுத்தினார்கள். கொளுத்துவதைத் தடுக்க அதற்குச் சில நாள் முன்புதான் மூன்றாண்டு வரை தண்டனை தரும் சட்டத்தைச் சென்னை மாநிலம் அவசரமாக நிறைவேற்றியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். நீதிமன்றத்தில் எதிர்வழக்காட வேண்டாம் என்பது இயக்கத்தின் முடிவு. பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் சிறையிலேயே இறந்தார்கள்.

கேரிசனைப் பார்த்துப் பெரியார் செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, தேடவும் வேண்டியதில்லை. வேறுபாடுதான் பேசத்தக்கது. கேரிசன் கொளுத்தியதற்கு அவர் ஒருநாள்கூடச் சிறை போகவில்லை. அது ஒரு மனச்சான்றின் சைகை. இங்கே கொளுத்தியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளரோ பாதிரியாரோ இல்லை, சிற்றூர்க்காரர்கள், பொருளில்லாதவர்கள். அமெரிக்கத் தீவிரச் சிந்தனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கேரிசனுக்கு ஓர் அத்தியாயம் தருகிறார்கள். 1957-க்கு இந்திய அரசியல் சிந்தனை நூல்களில் ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தால் பெரிது.

சட்டம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரமான சோதனையும் நடந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். செங்கோட்டைப் பக்கத்து அரசுக் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சென்னை மாகாணப் பக்கம் 1939 ஜூலையில் மதுரையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரோடு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்து, ராஜாஜி அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த பிறகுதான் வாசல்கள் அசைந்தன. பாண்டியன் எல்லையோ சேரன் எல்லையோ அல்ல, வெள்ளைக்காரன் போட்ட சுங்கச்சாவடி எல்லை ஒரு மனிதனின் தீட்டைத் தீர்மானித்தது.

வந்தவை மட்டுமல்ல, திரும்பிப் போனவையும் உண்டு. மதுரையில் அமெரிக்க மிஷனில் பணிபுரிய 1925-இல் வந்த ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான் என்ற இளைஞர், 1930-இல் காந்தியின் ஆங்கிலேய நண்பர் ரெஜினால்டு ரெனால்ட்சை வீட்டில் தங்கவைத்த குற்றத்துக்காக நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. மிஷனும் அரசும் சேர்ந்தே அனுப்பிவைத்தன. திரும்பி வந்தார், 1944-இல் மறுபடி வெளியேற்றினார்கள், விடுதலைக்குப் பின் மறுபடி வந்து காந்திகிராமத்துப் பணிகளோடு கலந்து இங்கேயே முதுமை கண்டார்.

1959 பிப்ரவரி, மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவைச் சுற்றினார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்த உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான், அமெரிக்காவின் ஒவ்வொரு கறுப்பரும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965-இல் தம் தேவாலயத்தில் சொன்னார். சட்டப்படி எல்லாரும் சமம் என்று எழுதிவைத்த நாட்டில் ஏன் இன்னமும் சிலரைத் தொடக்கூட மறுக்கிறார்கள் என்பதற்கு அமெரிக்க அரசியல் சொற்களஞ்சியத்தில் போதிய விளக்கம் இல்லை. திருவனந்தபுரத்துத் தலைமையாசிரியர் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டார். தோரோ வியந்த மனுவின் உலகம், தோரோ எதிர்த்த அடிமை முறையின் மிச்சத்தைப் புரியவைத்தது.

இதற்குப் பிறகான கதை நம் காலத்துக்கே வந்துவிடுகிறது. புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன சோசலிஸ்டு க்ஷமா சாவந்த், சியாட்டில் நகர மன்ற உறுப்பினராக 2023 பிப்ரவரி 21-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றவைத்தார். அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தலித் குடும்பத்தில், அமெரிக்காவில் பிறந்த தேன்மொழி சௌந்தரராஜன் 2022-இல் சாதியின் ரணங்கள் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. இந்துக்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சட்டம் இது என்று இந்து அமெரிக்க அமைப்புகள் வாதிட்டன. அந்த வாதத்தில் சிறுபான்மைக் குடியேறிகளின் உண்மையான அச்சமும் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. கலிபோர்னியா மாநிலமும் இதே போன்ற மசோதாவை இரு அவைகளிலும் நிறைவேற்றியது. கவர்னர் கையெழுத்திட வேண்டும் என்று கோரித் தலித் செயல்பாட்டாளர்கள் சாக்ரமென்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1932-இல் எரவாடா சிறையில் அம்பேத்கரின் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கைக்கு எதிராகக் காந்தி எடுத்த அதே ஆயுதம்.

2023 அக்டோபர் 7 அன்று கவர்னர் கேவின் நியூசம் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பரம்பரை, மதம், இனம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதை மாநிலச் சட்டங்கள் ஏற்கெனவே தடுக்கின்றன, தனிச்சட்டம் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம்.